ரெக்கார்டு ஓடும்போது பேசலாம்

மயிலாப்பூர்
ஜூன் 14, 2025

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால், "உங்களை விட்டு வந்தப்புறம் எனக்கென்ன குறைச்சல்" என்பாய். அந்தச் சந்தர்ப்பத்தை உனக்குத் தருவதாக இல்லை. அதனால் கேட்கவில்லை.

நேற்று கோர்ட்டில் விவாகரத்து மனு கொடுத்துவிட்டு வெளியே வரும்போது வக்கீலம்மா நம்மை மரத்தடியில் நிறுத்திவைத்துச் சொன்னாரே: "ஆறு மாசம் டைம் இருக்கு. அது கையெழுத்துக்கு மட்டும் இல்லை, யோசிக்கவும்தான். போன்ல பேசாதீங்க, சண்டைதான் வரும். ஏதாவது சொல்லணும்னா லெட்டர் போடுங்க." நல்ல யோசனைதான். போனில் நமக்குச் சண்டை வர நாற்பது விநாடி போதும். தபாலில் என்றால் மூன்று நாளாவது ஆகும். 29C பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் அடையாறு வந்துவிடலாம் என்பது வேறு விஷயம். அதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன்.

வீட்டுச் செய்தி. லாவண்யா ஞாயிறுதோறும் புனேயிலிருந்து கூப்பிடுகிறாள். "அப்பா சாப்டியா" என்கிறாள், நான் "ஆச்சு" என்கிறேன், அப்புறம் இருவரும் புனே வெயிலைப் பற்றிப் பேசுகிறோம். பெண் யார் பக்கமும் சாயக்கூடாது என்று கயிற்றில் நடக்கிறாள். மாடி வீட்டு ராமானுஜம் மாமா வாரத்துக்கு ஒருதரம் படியில் மறித்து உன்னை விசாரிக்கிறார். ஒரு வருஷமாக நீ பெண்ணோடு புனேயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம், "அடையார் மார்க்கெட்டுல கத்திரிக்கா வாங்கிண்டிருந்தாளேப்பா?" என்றார். "புனே கத்திரிக்கா அவளுக்குப் பிடிக்கலை மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியேறிப் போனார். நசுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்கே ஒரு பொய் ஒழுங்காக வரவில்லை.

இனி முக்கியமான சமாச்சாரம். ரெக்கார்டு பிளேயருக்குப் புது மேட் போட்டிருக்கிறேன். மேட் என்றால் தட்டின் மேல், ரெக்கார்டுக்கு அடியில் போடும் வட்ட விரிப்பு. இருபது வருஷமாக நான் சொல்லி நீ காதில் வாங்காததால் மறுபடி சொல்கிறேன். மோட்டாரின் நடுக்கம் தட்டு வழியாக ஏறி ஊசிக்குப் போய்விடும். நடுவில் ஒன்று படுத்திருந்து அதை வாங்கிக்கொள்ளவேண்டும். கம்பெனி கொடுத்த ரப்பரில் வயலின் ஜலதோஷம் பிடித்தது மாதிரி கேட்டது. ஃபெல்ட் துணியில் வைத்தேன்; ரெக்கார்டை எடுத்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது, கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்பும்போது கேட்காமல் காரில் ஏறும் உறவுக்காரர் மாதிரி. இப்போது கார்க். ஒட்டவில்லை. கீழ் ஸ்தாயியில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

சொல்ல ஆளில்லை, அதனால் எழுதினேன்.

ஸ்ரீநாத்


அடையாறு
ஜூன் 22, 2025

ஸ்ரீநாத்துக்கு,

கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் ஒரு பக்கம் கார்க். நான் சௌக்கியமா என்று நீங்கள் கேட்காதது நல்லதாயிற்று. கேட்டிருந்தால் பதிலைக் கேட்க உட்கார்ந்திருப்பீர்களா என்று யோசித்திருப்பேன்.

கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். சூடாமணி அக்கா வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. காலையில் நான் மிக்ஸியை ஓட்டுகிறேன், அக்கா ரேடியோ வைக்கிறாள், வாசலில் கீரைக்காரி கத்துகிறாள். குழாய் ஓட ஓட, பாத்திரம் உருள உருள நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பாதி காதில் விழாது. "என்னடீ?" என்பாள் அக்கா. மறுபடி சொல்வேன். இவ்வளவுதான் என் சந்தோஷம்.

உங்கள் ரெக்கார்டு ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். அது முடிந்து, நீங்கள் எழுந்து, திருப்பிப் போட்டு, பிரஷ்ஷால் துடைத்து, ஊசியை இறக்குவதற்குள் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தில் நான் சட்னி அரைத்திருக்கிறேன். லாவண்யாவைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "அப்புறம் பேசறேன்" என்று வைத்திருக்கிறேன். காலேஜில் பெண்களுக்கு ரசாயனம் சொல்லித் தருகிறேன். ஐம்பது நிமிஷம் நான் பேசலாம், அறுபது பேர் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் வலது கை எழும்பும். முகம்கூடத் திரும்பாது, உள்ளங்கை மட்டும் என்னைப் பார்க்கும். டிராஃபிக் போலீஸ்காரர்கூட விசிலடித்துவிட்டுத்தான் கை காட்டுவார்.

ஒன்று நான் உங்களிடம் சொன்னதில்லை. அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருப்பதாக அண்ணா போன் பண்ணினானே, அன்று உங்கள் ரெக்கார்டு பாதியில் இருந்தது. பக்கம் முடியட்டும் என்று ஒன்பது நிமிஷம் சமையலறை வாசலில் நின்றேன். நீங்கள் நிற்கச் சொல்லவில்லை. நானாகவேதான் நின்றேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரஷர் மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் நீல டப்பாவில் இருக்கிறது. தீர்ந்திருக்கும், வாங்குங்கள்.

ஸ்ரீரஞ்சனி


மயிலாப்பூர்
ஜூலை 13, 2025

அன்புள்ள ரஞ்சனிக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். டப்பா காலியாகி ஒரு மாசம் ஆகியிருந்தது. உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

அந்த ஒன்பது நிமிஷம் எனக்குத் தெரியாது. "நீ ஏன் சொல்லலை" என்று எழுதி அடித்துவிட்டேன்; சொல்ல விட்டீர்களா என்று நீ கேட்பது இங்கே வரை கேட்டது. மூன்று வாரமாக அதற்கு என்ன பதில் எழுதுவதென்று பார்க்கிறேன். வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேலி ஒன்றுதான், அதுவும் இதற்கு உதவாது. ஆகையால் வழக்கம்போல் வேறு விஷயத்துக்குத் தாவுகிறேன்.

உன் அப்பா நம் கல்யாணத்துக்குக் கொடுத்த வயலின் ரெக்கார்டு இருக்கிறதல்லவா? பனகல் பார்க் பக்கத்தில் நான் காருக்குள் வைத்து மறந்து, வெயிலில் அப்பளம் மாதிரி வளைந்துபோன அதே ரெக்கார்டு. அந்த விஷயத்தில் நீ என்னைத் திட்டாததுதான் பெரிய தண்டனை. அதை நிமிர்த்திக் கேட்டுவிடுவது என்று கிளம்பியிருக்கிறேன். அதற்கு ஒரு கிளாம்ப் வேண்டும். தட்டின் நடுக்கம்பியில் மாட்டி ரெக்கார்டை மேட்டோடு அழுத்திப் பிடிக்கும் குமிழ், அவ்வளவுதான்.

முதலில் என் மூளையை உபயோகித்தேன். பழைய இரும்புக் கடையில் இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை வாங்கி, நடுவில் துளை போட்டு, ரெக்கார்டு தலையில் வைத்தேன். இரண்டு நாளில் தட்டு மாவு மில் மாதிரி முனக ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ராயப்பேட்டை லேத் பட்டறை அப்துல் சமத் பாயிடம் போனேன். அவர் தட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"இன்னா சார் பண்ணி வெச்சுகீறே? அடியில பேரிங்கி ஒண்ணு கீதே, அத்த நென்ச்சியா? தலையில கல்லத் தூக்கி வெச்சா எவன் சார் சுத்துவான்?"

"ரெக்கார்டு வளைஞ்சிருக்கு பாய். அழுத்தணும்."

"அழுத்தறது வேற, நசுக்கறது வேற சார். கம்பியப் புடிச்சிக்கினு மெதுவா திருகுற மாரி ஒண்ணு கடைஞ்சி தரேன். வெயிட்டே வாணாம்." அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வூட்ல அம்மா எப்படி சார் இத்தெல்லாம் பொறுத்துக்கினு கீறாங்க?" என்றார்.

"பெரிய மனசு பாய்" என்றேன்.

பித்தளையில் கடைந்து கொடுத்திருக்கிறார், கொழுக்கட்டை அளவு. ரெக்கார்டின் லேபிளுக்கு அடியில் ஒரு சின்ன வளையத்தைப் போட்டு, மேலேயிருந்து இதைத் திருகினால் விளிம்புகள் தானாகத் தாழ்ந்து மேட்டோடு படிகின்றன. வளைவு முக்கால்வாசி போய்விட்டது. ஊசி இப்போது படகில் போவதில்லை.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ரெக்கார்டு கேட்க இதைவிடத் தோதான வீடு மயிலாப்பூரிலேயே கிடையாது. போன வாரம் ஒரு காரியம் செய்தேன், யாரிடமும் சொல்லாதே. காலை ஏழு மணிக்கு மிக்ஸியில் வெறும் ஜாரை மாட்டி ஓட்டினேன். மாடியில் ராமானுஜம் மாமா காதில் விழட்டும், சந்தேகம் தீரட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தினேன். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகிவிட்டது.

ஸ்ரீநாத்


அடையாறு
செப்டம்பர் 7, 2025

அன்புள்ள ஸ்ரீநாத்,

வெறும் ஜாரை ஓட்டாதீர்கள், அடியில் இருக்கும் புஷ் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீராவது ஊற்றுங்கள். இதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். "லெட்டர்ல என்னடீ ஜோக்கு?" என்று சூடாமணி அக்கா கேட்டாள். சொல்லவில்லை. அப்புறம் எனக்கே சிரிப்பு நின்றுபோயிற்று.

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபம் காரணமில்லை. இங்கே ஒரு மாறுதல். அக்கா பிள்ளை ஸ்ரீஹரி குடும்பத்தோடு நவம்பரில் டொரான்டோவிலிருந்து வந்துவிடுகிறான், இனி இங்கேயேதானாம். அக்கா என்னைப் போகச் சொல்லமாட்டாள். ஆனால் அறைகளை எண்ணத் தெரிந்தவள் நான். பெசன்ட் நகரில் ஒரு சின்ன வீடு பார்த்தேன், இரண்டாவது மாடி, சமையலறை ஜன்னலைத் திறந்தால் அலைச் சத்தம் வருகிறது. வீட்டுக்காரர் அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்கிறாள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் ரெக்கார்டு நிமிர்ந்துவிட்டதென்று எழுதியிருந்தீர்கள். வளைந்ததற்கப்புறம் அதை நான் கேட்டதே இல்லை. ஒருநாள் வந்து கேட்கலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. சாயங்காலம் நாலு மணி சௌகரியப்படும். வக்கீலம்மாவிடம் சொல்லவேண்டியதில்லை.

மாமாவிடம் நான் புனேயிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரஞ்சனி


மயிலாப்பூர்
அக்டோபர் 5, 2025

அன்புள்ள ரஞ்சனிக்கு,

வரும் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு, நாலு மணி. இதற்கு முந்தைய ஞாயிறுகளை வீணாக்கியதற்குக் காரணம் சஃப்வான். சமத் பாயின் மைத்துனர், பெரியமேட்டில் தோல் பை தைப்பவர். அவரிடம் தோலில் ஒரு மேட் வெட்டித் தரச் சொல்லியிருந்தேன், போன வாரம்தான் கொடுத்தார். கார்க்கைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதல் கனம். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஊசி மாட்டியிருக்கும் தண்டையும் அவ்வளவு உயர்த்தி, இரண்டு நாள் குனிந்தே இருந்ததில் என் முதுகும் வளைந்துவிட்டது. இதற்குக் கிளாம்ப் கிடையாதாம்.

ஆனால் கேட்டேன் ரஞ்சனி. உன் அப்பா இருந்திருந்தால் எழுந்து போய் ஸ்பீக்கருக்கே விபூதி பூசியிருப்பார்.

வீட்டைப் பெருக்கியாகிவிட்டது. உன் பீரோவைத் திறக்கவில்லை, மேலே மட்டும் துடைத்தேன். காபிப் பொடி புதிதாக அரைத்து வாங்கியிருக்கிறேன். கீழே உள்ளதை ஓர் உறுதிமொழியாக எடுத்துக்கொள், கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். தொழில் புத்தி, எழுத்தில் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை:

மயிலாப்பூர்வாசியும் நசுங்கிய கார்களை மதிப்பிடுபவனுமாகிய ஸ்ரீநாத் என்கிற நான், சுயநினைவோடு எழுதிக்கொடுப்பது. மேற்படி ஞாயிறன்று மின்விசிறி ஓடும். ஜன்னல் திறந்திருக்கும். உன் போன் அடிக்கலாம். ரெக்கார்டு ஓடும்போது நீ பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும், எதைப் பற்றி வேண்டுமானாலும்.

வருவாய் அல்லவா?

ஸ்ரீநாத்


மயிலாப்பூர்
அக்டோபர் 14, 2025

அன்புள்ள ரஞ்சனிக்கு,

முந்தாநாள் நீ போனதிலிருந்து எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று இருந்தேன். எவ்வளவு நன்றாக நடந்தது! நீ சோபாவில் உன் பழைய மூலையில் உட்கார்ந்தாய், காலை மடக்கிக்கொண்டாய். விசிறி ஓடியது. நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கவனித்தாயா? படியில் ராமானுஜம் மாமா உன்னைப் பார்த்து, "புனே க்ஷேமமா?" என்றதும், நீ சற்றும் சளைக்காமல், "குளிர் ஆரம்பிச்சுடுத்து மாமா" என்றதும் என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று.

ஆலாபனை ஆரம்பத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் ரெக்கார்டைப் பார்க்காமல் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் கடைசிப் பகுதியில் ரெக்கார்டுக்குப் போய்விட்டேன். விளிம்பில் வளைந்திருந்தபோது கேட்கவே முடியாதிருந்த இடங்களெல்லாம் அப்படியே வந்துவிட்டன இல்லையா?

ஒன்று கேட்கவேண்டும். மிருதங்கத் தனி முடிந்து மறுபடி பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் நீ ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் கையைத் தூக்கினேனா? தூக்கியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கம் முடிந்ததும், "என்ன சொல்ல வந்தே?" என்றேன். "ஒண்ணுமில்லை, காபி நன்னாருக்கு" என்றாய். காபியை நீ அதற்குள் குடித்து முடித்து அரைமணி ஆகியிருந்தது. மழை வரும்போலிருக்கிறது என்று கிளம்பிவிட்டாய். இங்கே இன்றுவரை மழை வரவில்லை.

என்ன சொல்ல வந்தாய்?

ஸ்ரீநாத்


அடையாறு
அக்டோபர் 24, 2025

அன்புள்ள ஸ்ரீநாத்,

தூக்கினீர்கள்.

கோபமாக எழுதவில்லை, கேட்டதற்குப் பதில். நீங்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் நீங்கள் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள், ரெக்கார்டையே நிறுத்தியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே தூக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. ஆனால் உங்கள் கை எழுந்தது உங்களுக்கே தெரியவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி. அதை யாரால் என்ன செய்ய முடியும்?

என்னைக் கலங்கடித்தது உங்கள் கையும் இல்லை. கை எழுந்த அதே விநாடியில் நான் வாயை மூடிக்கொண்டேனே, அதுதான். ஒன்றரை வருஷமாக இங்கே தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவள். சோபாவின் அந்த மூலையில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. மறுபடி அந்தச் சமையலறை வாசலில் நின்றேன் ஸ்ரீநாத். உங்களை மாற்றிவிடலாம் என்றுகூட நம்பிவிடுவேன். என்னை நம்ப முடியவில்லை.

என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டிருந்தீர்கள். நவம்பர் முதல் வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்க வந்தேன்.

பெசன்ட் நகர் வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். தீபாவளியன்று லாவண்யாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், அப்புறம் ஜன்னலுக்கு என்ன கலரில் திரை என்று கேட்டாள்.

ரெக்கார்டு நன்றாக இருந்தது. வில் நரம்பில் படுவதற்கு முன் வாசிக்கிறவர் ஒரு சின்ன மூச்சு எடுப்பார் என்று அப்பா சொல்லிக்கொண்டேயிருப்பார். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது. நீங்கள் பட்ட பாடு வீணில்லை. ரெக்கார்டு உங்களிடமே இருக்கட்டும், என்னிடம் பிளேயர் கிடையாது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி கோர்ட்டில் பார்ப்போம். குடை எடுத்துவாருங்கள்.

ரஞ்சனி


மயிலாப்பூர்
டிசம்பர் 8, 2025

அன்புள்ள ரஞ்சனிக்கு,

ஆறு வாரத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் கெஞ்சியிருந்தேன். இரண்டாவதில் உன்னைக் குற்றம் சொல்லியிருந்தேன். மூன்றாவதில் முழுக்க ஹாஸ்யம், எனக்கே சகிக்கவில்லை. நாலாவதில் பிளேயரை விற்றுவிடுவதாக எழுதியிருந்தேன். விற்கமாட்டேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிளேயர் பேரில் பழி போடுவது, நசுங்கிய காருக்கு மரத்தைக் குற்றம் சொல்வது மாதிரி. எத்தனை பேருக்கு அந்தச் சாக்கை நான் நிராகரித்திருக்கிறேன்.

ராமானுஜம் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்குத்தான் போன வருஷமே தெரியுமே" என்றார்.

"தெரிஞ்சுண்டேவா வாராவாரம் கேட்டேள்?"

"நான் கேக்கலைன்னா உன்னோட பேசறதுக்கு இந்த பில்டிங்ல வேற யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு, சாப்பிட வரச்சொன்னார். போனேன். மாமி இல்லாத வீடு, அவரே சமைக்கிறார். ரசத்தில் உப்பு இல்லை. ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது கோர்ட் விஷயம். பதினைந்தாம் தேதி பத்தரைக்குக் கூப்பிடுவார்களாம். நீதிபதி நம் இருவரையும் கேட்பாராம், சம்மதம்தானா, மனசு ஏதாவது மாறியிருக்கிறதா என்று. யாரை முதலில் கேட்பார் என்று வக்கீலம்மாவிடம் விசாரித்தேன். அப்படியொன்றும் விதி இல்லை என்றார். என்னை முதலில் கேட்டால், "அவங்க முதல்ல சொல்லட்டும்" என்று சொல்லப்போகிறேன்.

அவசரப்படாதே. உனக்கு என்ன தோன்றுகிறதோ, கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடி. கேட்டுவிட்டு, எனக்கும் அதுவே சம்மதம் என்று சொல்கிறேன்.

ஸ்ரீநாத்